காலைக் கண்

அத்தியாயம் 14

"அந்த அம்மாவுக்குக் கண் தெரிகிறதா இல்லையா? அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுங்கள்" என்று போன வாரம் ஒரு வாசகி என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். நியாயமான கோபம். ஆனால் அந்த அம்மாவே காலையில் ஒன்று சொல்கிறாள், சாயங்காலம் ஒன்று சொல்கிறாள். நான் என்ன செய்ய?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். பிரேக்கம்மா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுகிறவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதை வைத்து, பழக வந்தவர்கள் சூட்டிய பெயர் இது. லைசன்ஸ் மைதானத்தில் மட்டும் வளைத்துத் திருப்பிப் பழகிவிட்டு, தெருவில் இறங்கினால் திருதிருவென்று விழிப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "டெஸ்டுக்கு ஓட்டாதே, ரோட்டுக்கு ஓட்டு" என்று கத்துவாள்.

வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. மற்றவர்களுக்கெல்லாம் மறுநாளே பளிச்சென்று தெரிகிறதாம். இவளுக்கு இன்னும் புகைமூட்டம். "கருவிழியில வீக்கம் இருக்கு. வடியும், பொறுங்க" என்றிருந்தார் டாக்டர். பொறுத்தாயிற்று. இடது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறது. அதற்கு நாளை ஆபரேஷன் என்று முன்பே நாள் குறித்திருந்தார்கள். செய்வதா வேண்டாமா என்று டாக்டர் இன்று சாயங்காலம் பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போது அவளை நடமாட வைத்துக்கொண்டிருப்பது அந்த இடது கண்தான். அதுவும் போய்விட்டால் வண்டி மட்டுமில்லை, வாசல்படிகூட அவளுக்குச் சொந்தமில்லை.

மகன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். அதனால் குடும்பத்துக்கு அவன் அரை டாக்டர். ஆபரேஷன் நாளிலிருந்து அம்மா வீட்டு சோபாவில்தான் படுக்கிறான். மகள் பார்லர் நடத்துகிறாள். சுருள்முடியினால் சுருட்டை என்று பெயர் வாங்கிய பெண் ஒருத்தி பத்து வருஷம் அவளோடு தோளோடு தோள் நின்று வேலை பார்த்தாள். சில மாதங்களுக்கு முன் பார்லரிலிருந்து ஒரு டிரையர் காணாமல் போனது. கேள்வி சந்தேகமாகி, சந்தேகம் சண்டையாகி, சுருட்டை பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்காக என்னோடு இன்னும் பேசாத வாசகர்கள் உண்டு.

இனி இன்றைய காலை.

பிரேக்கம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபோது அறை முழுக்க வெள்ளையாக இருந்தது. வெந்நீரில் குளித்து முடித்ததும் கண்ணாடி எப்படி இருக்கும், அப்படி. துடைத்தால் போகும் என்றுதான் கை போகிறது. துடைக்க முடியாத இடத்தில் அல்லவா இருக்கிறது!

சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கெட்டிலைச் சாய்த்தாள். டம்ளருக்குள் விழ வேண்டிய வெந்நீர் மேடையில் ஓடி அவள் காலில் சொட்டியது.

"அம்மா! என்னைக் கூப்பிட்டா என்ன?" சோபாவிலிருந்து எழுந்து ஓடிவந்தான் அரை டாக்டர்.

"கூப்பிட்டா நீ வர்றதுக்குள்ள டீக்கு மீசை முளைச்சிடும்."

"கண்ணு தெரியலையா?"

"தூக்கக் கலக்கம்டா. விடு."

இந்தத் தூக்கக் கலக்கம் இந்த வீட்டில் ரொம்ப நாளாக இருக்கிறது. யாரும் அதை ஏன் என்று கேட்டதில்லை. அம்மா என்றால் எந்தக் கலக்கத்திலும் எழுந்து வேலை பார்த்துவிடுவாள் என்றுதானே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சாயங்காலம் டாக்டர் இருக்க மாட்டார், வேறு ஊரில் அவசர வேலை. இப்போதே கிளம்பி வர முடியுமா?

பிரேக்கம்மாவின் முகம் மாறியது. "இப்பவா? சாயங்காலம்தானே சொன்னாங்க? பாப்பா வரணும், பார்லருக்குப் போகணும்..."

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மகள் மத்தியானமே வந்து அம்மாவைப் பார்லருக்குக் கூட்டிப்போவாள். தலையை அலசி, டிரையரில் காயவைத்து, வாரி, புதுசாக ஒரு மனுஷியாக்கித்தான் டாக்டர் முன்னால் நிறுத்துவாள். "நோயாளி மாதிரி போனா நோயாளி மாதிரிதான் நடத்துவாங்க" என்பது அவள் கட்சி. கழுத்தைக்கூடத் தொடாத முடிதான். அதற்கே அத்தனை உபசாரம்.

போனில் செய்தி கேட்டதும் மகள் அலறினாள்.

"தலைகூட அலசாமயா? அண்ணா, எனக்கு இப்ப ஒரு கல்யாண மேக்கப். பொண்ணு நாற்காலில உக்காந்தாச்சு. மத்தியானம் வரைக்கும் தள்ளிப் போட முடியாதா?"

"டாக்டர் என்ன உன் கஸ்டமரா, தள்ளிப் போட?"

"அப்ப அம்மாவுக்கு முகமாவது கழுவி விடு. நீ இருக்கியே..."

போனை வைத்துவிட்டான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிரேக்கம்மாவின் வலது கால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் தரையை அழுத்தியது. எந்த வண்டியில் ஏறினாலும் அப்படித்தான். இன்று அந்தக் காலும் தாமதமாக அழுத்தியது. பஸ் நின்ற பிறகுதான் அவளுக்கு நிறுத்தம் வந்தது தெரிந்தது.

"ஏம்மா இவ்ளோ டென்ஷன்?" என்றான் மகன்.

"டென்ஷன் இல்ல. அலுப்பா இருக்கு" என்றாள். பொய் இல்லை. ஒரு மாதமாகச் சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியாதே, தூக்காதே, தேய்க்காதே. நல்லாகும் என்று தெரிந்தால் மனுஷி எதையும் பொறுத்துக்கொள்வாள். தெரியாமல் பொறுப்பது இருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்றுவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் முகவாயை வைக்கிற தாங்கியில் முகத்தை வைத்தாள். நெற்றியைப் பட்டையில் அழுத்தினாள். டாக்டர் வெளிச்சத்தை இடது கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். வழக்கமாகச் சட்டென்று முடித்துவிடுகிறவர், இன்று தள்ளி உட்கார்ந்து மறுபடி குனிந்து பார்த்தார். கருவிழியின் தடிமனை அளக்கிற கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.

"என்னம்மா இது? போன தடவை இந்தக் கண்ணு இப்படி இல்லையே."

பிரேக்கம்மாவின் வலது கால் தரையை அழுத்தியது.

"காலையில எந்திரிக்கும்போது பார்வை மங்கலா இருக்குமா?"

"இல்ல டாக்டர், அம்மாவுக்குக் காலையில அப்படியெல்லாம்..." என்று அரை டாக்டர் ஆரம்பித்தான்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

இதே கேள்வியை முதல் ஆபரேஷனுக்கு முன்பும் இதே டாக்டர் கேட்டிருந்தார். அன்றும் மகன்தான் முந்திக்கொண்டு, இல்லை என்று பதில் சொன்னான். கெட்ட எண்ணமில்லை. அம்மாவுக்குச் சிரமம் வேண்டாமே என்று. அம்மா எழுந்திருக்கும் நேரத்தில் அவன் அவளைப் பார்த்தே வருஷங்கள் ஆகியிருந்தன என்பது வேறு விஷயம்.

பிரேக்கம்மா தாங்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். ரொம்பக் களைத்த குரலில் பேசினாள்.

"இருக்கும் டாக்டர். காலையில ஒண்ணும் தெரியாது. மத்தியானத்துக்கு மேல தெளிஞ்சிடும். பார்லர்ல தலையைக் காயவச்சா இன்னும் சீக்கிரம் தெளியும்."

"தலையைக் காயவச்சாலா?"

"டிரையர்ல. சூட்டுக் காத்து முகத்துல படும்ல. இங்க வர்ற அன்னிக்கெல்லாம் என் பொண்ணு தலையைக் காயவச்சுத்தான் கூட்டிட்டு வருவா."

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"அம்மா, கருவிழியோட உள்பக்கத்துல மெல்லிசா ஒரு அடுக்கு இருக்கு. அதுல இருக்கிற செல்லுங்களுக்கு ஒரே வேலை. கருவிழிக்குள்ள ஊறுற தண்ணியை வெளியே எறைச்சுக்கிட்டே இருக்கணும். உங்களுக்கு அந்தச் செல்லுங்க கம்மி. இருக்கிறதும் சோர்ந்து போயிருக்கு. ராத்திரி கண்ணு மூடியே இருக்கா, தண்ணி தேங்கிடுது. பகல்ல காத்துல காயுது. சூட்டுக் காத்து பட்டா இன்னும் வேகமா காயுது. நீங்க ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் வந்தீங்க. அதுவும் காயவச்சுக்கிட்டு வந்தீங்க."

"அப்ப..."

"செல்லு கம்மின்னு எனக்கு அப்பவே தெரியும். உங்ககிட்டயும் சொன்னேன். ஆனா தடிமன் பரவாயில்லாம இருந்துச்சு, காலை மங்கலும் இல்லைன்னீங்க. சரி, தாங்கும்னு நினைச்சு புரையை மட்டும் எடுத்தேன். ஆபரேஷன்ல இன்னும் கொஞ்சம் செல்லு போகத்தான் செய்யும். இருந்த கொஞ்சத்துல அந்தக் கண்ணால சமாளிக்க முடியல." ஒரு பெருமூச்சு விட்டார். "ஒரு தடவையாவது காலையில வாங்கன்னு நான் சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

தப்பு என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டதில் பிரேக்கம்மாவுக்கு ஆறுதலும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"வலது கண்ணு?"

"இனிமே தானா தெளியும்னு எனக்குத் தோணல. இறந்தவங்க தானம் குடுத்த கண்ணுல இருந்து அந்த உள் அடுக்கை மட்டும் எடுத்து வைக்கலாம். வச்சிட்டு சில நாள் மல்லாந்து படுத்தே இருக்கணும். பெரும்பாலும் நல்லா வரும். வண்டி ஓட்டலாமான்னு இப்ப சத்தியம் பண்ண மாட்டேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஆபரேஷன் இல்ல. இடது கண்ணுல வெறும் புரையை எடுத்தா அதுவும் வலது மாதிரி ஆயிடலாம். அடுக்கையும் சேர்த்து மாத்தணுமான்னு பார்க்கணும். நாளைக்கும் காலையிலேயே வாங்க. எந்திரிச்ச முகத்தோட வாங்க. தலை சீவக்கூட வேண்டாம்."

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்திருந்தது. மகன் ஆரம்பித்தான்.

"காலை கிளாஸ் எல்லாத்தையும் சாயங்காலத்துக்கு மாத்தினியே. ரெண்டு வருஷம் இருக்குமா? டிராஃபிக்னு சொன்ன."

"சொன்னேன்."

"நானும் நம்பினேன்." உடனே கோபம் தங்கை பக்கம் திரும்பியது. "எல்லாம் இவளால வந்தது. டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு எதுக்கு இந்தச் சிங்காரம்?"

"டேய். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"சொல்லாம?"

"நாளைக்கு டாக்டர் ஊர்ல இல்லைன்னு சொல்லு. எதையாவது சொல்லு. என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவ அவ. தெரிஞ்சா தாங்க மாட்டா."

அவன் சரி என்று தலையாட்டினான். அது அவளுக்குத் தெரியவில்லை. "சரின்னு வாயைத் திறந்து சொல்லு" என்றாள்.

"சரி."

அரை டாக்டரின் சரிக்கு ஆயுசு அன்று சாயங்காலம் வரைதான்.

கல்யாண மேக்கப்பை முடித்துக்கொண்டு மகள் நேராக அம்மா வீட்டுக்கு வந்தாள். தோளில் கருவிப் பை, முகத்தில் நாள் முழுக்க நின்ற சோர்வு. செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"கோலத்தைப் பாரு! இப்படியா டாக்டர் முன்னாடி போய் உக்காந்த? நாளைக்கு ஆபரேஷனுக்கு இப்படி விட மாட்டேன். உக்காரு, வெந்நீர் போடுறேன். சுருட்டை இருந்திருந்தா பொண்ணு அலங்காரத்தை அவகிட்ட விட்டுட்டுக் காலையிலேயே ஓடி வந்திருப்பேன். இப்ப இருக்கிறவளுக்கு ஹேர்பின்னை எந்தப் பக்கம் குத்தறதுன்னே தெரியல."

பேசிக்கொண்டே பையிலிருந்து டிரையரை எடுத்துச் சுவரில் செருகினாள். சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு தடவை ஓட்டினாள். உர்ரென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"அணைடி அதை!" என்று கத்தினான் அண்ணன்.

அவள் திடுக்கிட்டு அணைத்தாள். "என்னாச்சு உனக்கு?"

"அதாலதான் அம்மா கண்ணு போச்சு!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே தான் சொன்னது உறைத்தது. அதற்கு மேல் மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் கொட்டினான். சூட்டுக் காற்று, சாயங்காலப் பரிசோதனை, தடிமன், நாளைக்கு இல்லாமல் போன ஆபரேஷன். அரை டாக்டர் அல்லவா, நன்றாகவே விளக்கினான். காலையில் மங்கல் இல்லை என்று தான் அடித்துச் சொன்னதை மட்டும் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மகள் டிரையரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானாம்மா? நான்தான் கெடுத்தேனா?"

"இல்ல பாப்பா."

"கண்ணை மூடிக்கோன்னுகூட நான் சொன்னதில்லையே. திறந்து வச்சிருக்க, நல்லா இருக்குதுன்னு சொல்ற, நானும் காமிச்சுக்கிட்டே இருந்தேனே..." விம்மி விம்மி அழுதாள். பகல் முழுக்க யாரோ ஒரு பெண்ணின் முகத்தை அழகாக்கியவள், தன் முகத்தைப் புறங்கையால் தேய்த்துக் கலைத்துக்கொண்டாள்.

பிரேக்கம்மாவால் அதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. காதால் கேட்டாள். பார்ப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. மகளின் தலையைத் தொட்டாள், கையை எடுத்தாள், மறுபடி தொட்டாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் மோதுவதற்கு முன் அழுத்திப் பழகியவள், தன் விஷயத்தில் இவ்வளவு நாள் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து அறைக்குள் போனாள். அலமாரியின் கீழ்த்தட்டில் போர்வைகளுக்கு அடியில் கையை விட்டாள். பழைய டவலில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து மகள் மடியில் வைத்தாள்.

மகள் டவலைப் பிரித்தாள். உள்ளே ஒரு டிரையர். கைப்பிடியில் விரிசல் விட்ட இடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பைச் சுற்றியது சுருட்டை.

பிரேக்கம்மாவே ஆரம்பித்தாள்.

"ஒரு நாள் நீ தலையைக் காயவச்சப்போ பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. எவ்ளோ நாள் கழிச்சு! உன்கிட்ட டிரையர் ஒண்ணு கேட்டா, இந்த இத்தனூண்டு முடிக்கு எதுக்கும்மான்னு கேப்ப. என்ன சொல்றது? மேசைமேல இருந்ததைப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். திருப்பிக் கொண்டுவந்து வச்சிடலாம்னுதான் இருந்தேன். தினமும் காலையில கதவைச் சாத்திக்கிட்டுக் கண்ணுல காமிப்பேன். நீங்க வந்தா டீயைக் கீழ ஊத்தாம குடுக்கலாம் பாரு. இவன் இங்க படுக்க வந்ததுல இருந்துதான் எடுக்க முடியல."

"அம்மா..." என்றான் மகன்.

"நீ பேசாத. நான் பேசிக்கிறேன்." மகள் பக்கம் திரும்பினாள். "நீ கெடுக்கல. டாக்டரைப் பார்க்கப் போற அன்னிக்கு நீ காயவைப்பன்னு நான்தான் காத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு மோசம்னு சொல்லிட்டாங்கன்னா சாவியை வாங்கிடுவாங்கன்னு பயம். எல்லாரையும் திட்டித் திட்டி, கடைசில நான்தான் டெஸ்டுக்கு ஓட்டிட்டேன்."

மகளின் விரல் சிவப்பு டேப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

"சுருட்டையை நான் என்னவெல்லாம் கேட்டேன் தெரியுமா? அவ பையைக் கொட்டிப் பார்த்தேன். எல்லார் முன்னாடியும். நீயும் அன்னிக்கு அங்கதான் இருந்த."

"இருந்தேன்."

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்த."

"ஆமா."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. சொன்னதும் மனசு லேசாகும் என்பார்களே, அதெல்லாம் இல்லை. அலுப்பு அப்படியேதான் இருந்தது.

மகள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். கோபம் இருந்தது, துக்கம் இருந்தது, எதை முதலில் எடுப்பது என்று தெரியாத ஒரு தடுமாற்றமும் இருந்தது. கடைசியில் போனை எடுத்தாள்.

"நான் அவகிட்டப் பேசுறேன்."

"நீ இல்ல" என்றாள் பிரேக்கம்மா. "நான் பேசணும். நம்பர் மட்டும் போட்டுக் குடு. எனக்கு எழுத்துத் தெரியல."

மகள் நம்பரைப் போட்டு அம்மாவின் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று மகன் முணுமுணுத்த நேரத்தில் எடுத்தாள்.

"என்ன, இன்னும் ஏதாவது காணாமப் போச்சா?" என்றது சுருட்டையின் குரல்.

"இல்லம்மா" என்றாள் பிரேக்கம்மா. "கிடைச்சிடுச்சு. என்கிட்டதான் இருந்துச்சு."